பட்டை போட்ட நாற்காலி

முதல் குத்து சுவருக்கு விழுந்தது. இரண்டாவது அலமாரிக் கதவுக்கு. அடுத்ததை அப்பா தன் தொடையிலேயே இறக்கிக்கொண்டார், அது மகள் மேல் போய்விடக் கூடாது என்பதற்காக.

"எதுக்குடி எழுந்து போன?"

"ஜன்னல் வரைக்கும்தான். லாரி ஒண்ணு ரிவர்ஸ்ல வந்துட்டிருந்துச்சு. திரும்புமா இடிக்குமான்னு பாத்தேன்."

"அது எங்க இடிச்சா உனக்கென்ன? அங்க டெஸ்ட் நடக்குது!"

"தெரியும்பா."

"தெரிஞ்சா ஏன் எழுந்த?"

எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டது அவளுக்கே தெரியும். வீட்டில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பதினைந்து வயது. மருத்துவர் அதற்கு ஏடிஹெச்டி என்று பெயர் சொல்லியிருந்தார். "சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. மூளையில பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்குது, அவ்வளவுதான்."

பள்ளி மூடப்பட்டு வகுப்புகள் கணினிக்குள் வந்தபோது அம்மாதான் அவள் பக்கத்தில் இருந்தாள். பம்பரம் நின்றுகொண்டே பாடம் கேட்பாள், காலை ஆட்டிக்கொண்டே கணக்குப் போடுவாள், மேசைக்கடியில் பந்தை உருட்டுவாள். அம்மா கண்டுகொள்ள மாட்டாள். பிறகு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு மதிய ஷிப்ட் என்பதால் காலை வகுப்புகள் அவர் தலையில் விழுந்தன.

அன்று மாதிரித் தேர்வு முடிந்ததும் கணக்கு டீச்சர் அப்பாவைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார்.

"சார், நாளைக்கு நிஜப் பரீட்சை. கேமராவுல முகம் தெரியலைன்னா கேன்சல்தான். ரூல் அப்படி. இதுவும் போச்சுன்னா இதே கிளாஸ்ல இன்னொரு வருஷம் உக்காரணும்."

"அப்படி உக்கார வெச்சா நான் படிக்கவே மாட்டேன்," என்றாள் பம்பரம் பின்னாலிருந்து. கத்தவில்லை. கத்தியிருந்தால் அப்பா பயந்திருக்க மாட்டார். அவரும் அந்த வகுப்போடுதான் படிப்பை விட்டவர்.

தகடு வெட்டும் பட்டறையில் பிரஸ் ஓட்டுவது அவர் வேலை. இரும்புத் தலை இறங்கும் நேரம் கை அச்சுக்குள் இருந்தால், பிறகு கை இல்லை. இடது கையின் இரண்டு விரல்களை அவர் அப்படித்தான் விட்டார். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் மணிக்கட்டுப் பட்டைகள் வந்தன. தலை இறங்க ஆரம்பித்ததும் பட்டையில் கோத்த கம்பி இரண்டு கைகளையும் வெடுக்கென்று பின்னால் இழுத்துவிடும். மனம் எந்த நாட்டில் மேய்ந்துகொண்டிருந்தாலும் கை வெளியே வந்துவிடும். அன்றிலிருந்து பட்டறையில் ஒருவருடைய நகம்கூடப் பெயரவில்லை. உலகத்தில் அவர் முழுசாக நம்பியது அந்தத் தோல் பட்டைகளை மட்டும்தான்.

மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பியதும், பட்டறையில் கழித்துப்போட்ட பழைய பட்டைகளைப் பையிலிருந்து எடுத்து, கனத்த இரும்பு நாற்காலியின் முன்கால்களில் முறுக்கி மாட்டினார்.

"என்னப்பா இது?"

"உன் காலுக்கு."

"நாய்க்குப் போடுற மாதிரி இருக்கு."

"எனக்கும்தான் தினமும் போடுறாங்க. நான் நாயா?"

"சில நேரம் குரைக்கிற."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தபடி கால்களை நீட்டினாள். அவர் கொக்கியை இறுக்கினார், ஒரு விரல் நுழைய இடமில்லாமல்.

பரீட்சை தொடங்கியது. அவர் சமையலறை வாசலில், கேமராவுக்குப் படாத இடத்தில் நின்றார். பம்பரம் ஆடவில்லை, திரும்பவில்லை. இப்படி அசையாத மகளை அவர் தூக்கத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரு படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அடுப்பில் தண்ணீர் வைக்க உள்ளே போனார்.

அவள் படித்த கேள்வியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. கால் ஆடினால்தான் அவளுக்கு எண்கள் நகரும். ஆட முடியாத கால் முதலில் கொதித்தது. கொதிப்பு முழங்காலுக்கு ஏறியது, வயிற்றுக்கு வந்தது, பற்களுக்கு வந்தது. அவள் தன் முன்கையைக் கடித்தாள். வலி கொஞ்சம் உதவியது. இன்னும் அழுத்திக் கடித்தாள். பிறகு நெற்றியால் மேசையில் இடித்தாள்.

"என்ன சத்தம் அது?" என்றார் டீச்சர். "கண்ணு, உன் கையில என்னம்மா ரத்தம்?"

சமையலறையில் அப்பா திரும்புவதற்குள் வீடு அதிர்ந்தது. எழ முயன்றவள் நாற்காலியோடு கவிழ்ந்திருந்தாள். விழும்போது மேசை விளிம்பு அவள் புருவத்தைக் கிழித்துவிட்டது. மேசையும் சாய்ந்து, மடிக்கணினி தரையில் மல்லாந்து கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒலிபெருக்கியில் வகுப்பு முழுவதும் கூச்சலிட்டது.

"முறியுது! கால் முறியுது!" என்று அலறினாள் பம்பரம்.

அவர் அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் போனார். அவளுக்குக் கண்ணெல்லாம் ரத்தம். தெரிந்தது நேற்றுச் சுவரைக் குத்திய கை மட்டும்தான். கையில் அகப்பட்ட காம்பஸால் குத்தினாள். முள் அவருடைய வலது உள்ளங்கையில் இறங்கி எலும்பில் நின்றது.

அவர் அறைந்தார். யோசிக்கவில்லை. இடது கையால், மூன்று விரல்களால், முழு பலத்தோடு. அவள் தலை தரையில் மோதியது.

"சார்! சார், அடிக்காதீங்க! நான் ஆபீஸ்ல சொல்லிட்டேன், போலீஸ் வருது!"

அவர் காம்பஸைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கொக்கியை அவிழ்க்கப் பார்த்தார். உடல் எடை இழுத்ததில் அது தோலுக்குள் இறுகிக் கிடந்தது. வலது கை மடங்கவில்லை. இடது கையில் கொக்கியைப் பிடிக்க வேண்டிய விரல்களே இல்லை. சமையலறைக்கு ஓடிக் கத்தியோடு வந்தார். பம்பரம் அதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தில் வார்த்தையே இல்லை.

"பட்டையை அறுக்கத்தான்டி! பட்டையை! அசையாத!"

அவள் அசைந்தாள். கத்தி ஒருமுறை வழுக்கிக் கெண்டைக்காலைக் கீறியது. கையை நம்பி ஒப்படைக்கவென்று செய்த தோல், நல்ல தோல், எளிதில் அறுபடவில்லை. அறுத்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது. பட்டறையில் பட்டை போட்டுக்கொண்டு ஷிப்ட் முழுக்க அவர் கையை ஆட்டுகிறார், நெற்றியைத் துடைக்கிறார், தகட்டைத் திருப்புகிறார். கம்பி தளர்ந்தேதான் கிடக்கும். தலை இறங்கும் அந்தக் கணத்தில் மட்டுமே இழுக்கும். கையைக் கட்டிப்போட்டால் எவனாலும் வேலை செய்ய முடியாது. தினமும் அணிகிறவர், அதை மறந்து கட்டியிருக்கிறார்.

இரண்டாவது பட்டை அறுந்ததும் விடுபட்ட கால் அவர் முகத்தில் இறங்கியது. மூக்கு உடைந்தது. அவர் சுவரோடு உட்கார்ந்தார். அவள் எழுந்து அறையைச் சுற்றத் தொடங்கினாள், கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு, நொண்டிக்கொண்டே. போகும் வழியெல்லாம் சொட்டியது.

"கண்ணு, இருக்கியா? எங்க போயிட்ட? பேசும்மா!"

"கேன்சலா டீச்சர்?"

"என்னது?"

"நான் எங்கயும் போகல. கேமராதான் விழுந்துச்சு. கேன்சல் பண்ணுவீங்களா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அப்பாகிட்ட இருந்து தள்ளி நில்லு."

"இல்ல, இப்பவே சொல்லுங்க."

மற்றப் பிள்ளைகளின் சத்தம் நின்றது. டீச்சர் அவர்களை வகுப்பிலிருந்து வெளியேற்றிவிட்டார் போலிருக்கிறது. அவள் தன் பார்வையில் இருக்க வேண்டும், ஆட்கள் வந்து சேரும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியில் சொன்னார்:

"உன் முகம் தெரியுற வரைக்கும் பரீட்சை நடக்கும். நீ வாயால சொல்லு, நான் குறிச்சுக்கிறேன்."

அப்பா தவழ்ந்துபோய் மடிக்கணினியை எடுத்தார். திரைக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, கேமராவின் பச்சை விளக்கு எரிந்தது. அதைத் தன் நெஞ்சில் வைத்து அவள் பக்கம் திருப்பினார்.

"கிட்ட வந்த, திரும்பக் குத்துவேன்."

"வரல. நீ நட. நான் காட்டுறேன்."

"நீ பேசாத."

அவள் ஜன்னலுக்குப் போனால் அவர் கணினியை ஜன்னலுக்குத் திருப்பினார், கட்டிலுக்கு வந்தால் பின்னோக்கி நகர்ந்து இடம் விட்டார். அவள் முகம் கேமரா பார்வையின் ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் உடம்பு தானாக வளைந்தது. டீச்சர் நடுங்கும் குரலில் கேள்வியைப் படித்தார். பம்பரம் கால் மாற்றிக் கால் மாற்றி நடந்தபடி, புறங்கையால் புருவத்தைத் துடைத்தபடி விடை சொன்னாள். டீச்சர் சரியா தப்பா என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு விடைக்கும் அவர் குரலின் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

கீழே வண்டி வந்து நின்றது. படிகளில் பூட்ஸ் ஏறியது. கதவு அதிர்ந்தது.

"திறங்க! திறக்கலைன்னா உடைப்போம்!"

"டீச்சர், இன்னும் இருக்கா?" என்றாள் பம்பரம், நிற்காமல்.

"கொஞ்சம் இருக்கு. சார், போய்க் கதவத் திறங்க."

அவர் போகவில்லை. தாழ்ப்பாள் சட்டத்திலிருந்து பெயரத் தொடங்கியிருந்தது. உடைந்த மூக்கிலிருந்து வடிவது விசைப்பலகையில் விழாமல் இருக்கத் தலையை நிமிர்த்தி, கணினியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"அடுத்தது படிங்க டீச்சர்," என்றார்.