பாய்க்கு அடியில் விலிசோனி

விலிசோனி பக்கத்து ஊர்க்காரன். ஆக்லாந்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுக் கையில் காசோடு சமோவாவுக்குத் திரும்பியவன், எங்கள் கடற்கரையின் மேற்கு முனையைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டல் கட்டினான். மணலில் ஓலைக் குடில்கள், நடுவில் நீச்சல் குளம், வியாழக்கிழமை ராத்திரியானால் நெருப்புக் கத்தி ஆட்டம். இவ்வளவு பெரிய கடல் எதிரே கிடக்கும்போது குளம் எதற்கு என்று ஊரில் சிரித்தார்கள். வெள்ளைக்காரர்கள் என்னவோ அந்தக் குளத்தில்தான் கிடந்தார்கள். நான் அங்கே சலவை அறையில் இருந்தேன். என் அண்ணன் லோமிதுசி விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்டினான். அருவி, பழைய தேவாலயம், கடைசியாக, கடல்நீரைப் பீச்சியடிக்கும் பீச்சுப் பாறை.

பீச்சுப் பாறைக்காகத்தான் பாதிப் பேர் வருவார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புக் கரை அது. அலை அடியில் புகுந்து, பாறையில் இருக்கும் துளை வழியாகத் தென்னை மர உயரத்துக்குப் பீறிடும். துளையில் ஒரு தேங்காயைப் போட்டால் அதையும் தூக்கி வானத்தில் எறியும். பெரியவர்களே குழந்தைகள் மாதிரி கை தட்டுவார்கள்.

கடல் கொந்தளித்த ஒரு நாள், பாறைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று ஊர்ச்சபை தடை போட்டிருந்தது. அண்ணன் சலவை அறை வாசலில் நின்று விலிசோனியிடம் பேசியதை நான் என் காதால் கேட்டேன்.

“இன்னிக்கு வேணாம் விலிசோனி. கடல் சரியில்ல.”

“நாளைக்கு அவங்களுக்கு ஃப்ளைட்டு. தள்ளி நின்னு ரெண்டு போட்டோ எடுக்கப் போறாங்க. அதுக்குப் போய்…”

“ஊர்ல தடை போட்டிருக்காங்கப்பா.”

“உங்க ஊர்த் தடையப் பாத்துட்டு உக்காந்திருக்கவா நான் ஓட்டல் கட்டினேன்? பயமா இருந்தா சொல்லிடு. டிரைவரே கூட்டிட்டுப் போவான்.”

டிரைவர் தலைநகர் ஆப்பியாவில் பிறந்து வளர்ந்தவன். பாறையில் எங்கே கால் வைக்கலாம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அண்ணன் வேனில் ஏறினான்.

பாறையில் ஒரு வெள்ளைக்காரன் படம் பிடிப்பதற்காகப் பின்னாலேயே நகர்ந்து போயிருக்கிறான். அண்ணன் ஓடிப் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் தள்ளியிருக்கிறான். அடுத்த அலை அண்ணனை எடுத்துக்கொண்டது. மறுநாள் உடல் கரை ஒதுங்கியபோது அந்த வெள்ளைக்காரன் விமானத்தில் இருந்தான்.

போலீஸ் வந்ததும் விலிசோனி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். லோமிதுசி காலையிலேயே குடித்திருந்தானாம். தடையை மீறி அவனாகவே ஆட்களைக் கூட்டிப் போனானாம். தனக்கு எதுவுமே தெரியாதாம். டிரைவர் தலையாட்டினான். நான் கேட்டதைச் சொன்னேன். செத்தவனுடைய தங்கை வேறென்ன சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள்.

என் அண்ணன் குடிக்க மாட்டான். எங்கள் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்தவன் அவன். கல்யாண வீட்டில்கூட பியரைத் தொடமாட்டான். ஊருக்கே இது தெரியும். ஆனால் செய்தித்தாளில் வந்த பிறகு ஊரும் கொஞ்சம் இழுத்துப் பேசத் தொடங்கியது. அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, போதகர் குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். முன்வரிசையில் இருந்த என் அண்ணி ஃபுவாதினோ எழுந்தாள். நடுவழியாக, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து வெளியே போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கண் காய்ந்திருந்தது.

“தெமு, அவன் என் புருஷனக் கொன்னான். அதக்கூட கடல் மேல பழி போட்டுட்டு இருந்துடுவேன். ஆனா செத்துப் போனவன் வாயில சாராயத்த ஊத்தினான் பாரு. அதுக்கு அவன விட மாட்டேன்.”

பாறைக்குப் போகும் பாதை எங்கள் குடும்ப நிலத்தின் ஊடாகப் போகிறது. என் மூத்த அண்ணன் பெசெத்தாதான் குடும்பத் தலைவர். அவர் வேலி போட்டு அடைத்துவிடலாம் என்றார்.

“அடைக்காதீங்க அத்தான்,” என்றாள் அண்ணி. “அடைச்சா வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். அவன் ஆளுங்க இந்த வழியாத்தான் வரணும். என் மூஞ்சியில முழிச்சுட்டுத்தான் போகணும்.”

அடுத்த வாரமே பாதை முனையில் ஒரு பலகையைப் போட்டுத் தேங்காய் குவித்து உட்கார்ந்தாள். ஆங்கிலம் அவளுக்கு அவ்வளவாக வராது. என்னிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். ஒரு சொல் பிசகினால் மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பாள். வேன் வந்து நின்றதும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தேங்காயை வைப்பாள். வைத்துவிட்டு, சிரிக்காமல், குரலை உயர்த்தாமல் சொல்வாள்.

“நீங்க நிக்கப் போற எடத்துலதான் என் புருஷன் செத்தாரு. உங்கள மாதிரி ஒருத்தரக் காப்பாத்திட்டு செத்தாரு. வேணாம்னு சொன்னவர அனுப்பி வெச்சது உங்க ஓட்டல் முதலாளி. அப்புறம் அவரக் குடிகாரன்னு சொன்னதும் அதே ஆளுதான். சரி, போய்த் தேங்காயப் போடுங்க.”

யாருக்குக் கை வரும்? சிலர் தேங்காயோடு அப்படியே வேனில் திரும்பி ஏறினார்கள். ஒரு பெண் அதைக் கைக்குழந்தையைக் கிடத்துவது போலப் புல்லில் கிடத்திவிட்டு அழுதாள். ராத்திரி குடிலில் உட்கார்ந்து எல்லாரும் ஃபோனில் எழுதினார்கள். எழுதியதைப் படித்தவர்கள் வரவில்லை. சலவைக்கு வரும் படுக்கை விரிப்புகள் நாளுக்கு நாள் குறைந்தன. என் பிழைப்புக்கும் அதுதான் ஆபத்து. ஆனாலும் காலியாகக் கிடந்த கூடைகளைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது. என்னை வேலையை விட்டு நிறுத்த விலிசோனிக்குத் தைரியம் இல்லை. நிறுத்தினால் அண்ணி அதையும் பாதையில் உட்கார்ந்து சொல்வாள்.

ஒரு நாள் அவனே வந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டிக்கொண்டு குழைந்தான்.

“ஃபுவாதினோ, பேசித் தீத்துக்கலாம். ரிசப்ஷன்ல உக்காந்த எடத்துல வேலை தரேன்.”

“எதுக்கு? வரவங்களுக்கு வாசல்லயே கதையச் சொல்லவா?”

“என் பொழப்பையே கெடுக்கறியே, இது நல்லா இருக்கா?”

“நீ செத்தவன் பேரக் கெடுத்த. நான் உயிரோட இருக்கறவன் பேரத்தான் கெடுக்கறேன். உனக்கு வாய் இருக்கு, பதில் சொல்லிக்கோ. அவருக்கு இருக்கா?”

அவன் முகம் சுருங்கியது. “பொம்பளன்னு பாக்கறேன்,” என்றான்.

“பாத்துக்கோ. நல்லாப் பாத்துக்கோ,” என்று அவன் கையிலும் ஒரு தேங்காயை வைத்தாள்.

அதன் பிறகு வியாழக்கிழமை ஆட்டத்துக்குப் பாட எங்கள் ஊர்ப் பெண்களும், கத்தி சுற்ற இளைஞர்களும் வர மறுத்தார்கள். அண்ணி யாரையும் கேட்கவில்லை, அவர்களாகவே மறுத்தார்கள். விலிசோனி பாட்டை ஒலிபெருக்கியில் போட்டு, சமையல்காரனை நெருப்புக் கத்தி சுற்ற வைத்தான். சமையல்காரனுக்கு ஒரு பக்கப் புருவம் போனது.

கடைசியில் விலிசோனியின் தாய்மாமன் மூலிபோலா தலையிட்டார். பக்கத்து ஊரில் பெரிய தலைவர், நேர்மையானவர். இஃபோகா செய்துவிடு, வேறு வழியில்லை என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறார். இஃபோகா என்றால் தவறு செய்த குடும்பம் விடியற்காலையில் வந்து, பாதிக்கப்பட்ட வீட்டின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்து, தாழை மடலில் பின்னிய மெல்லிய பாயால் தங்களை மூடிக்கொள்ள வேண்டும். முன்னால் விறகும் அடுப்புக் கல்லும் வைத்திருப்பார்கள். வேண்டுமானால் எங்களைச் சுட்டுத் தின்னுங்கள் என்று அதற்குப் பொருள். வீட்டார் வந்து பாயைத் தூக்கிவிட்டால் பகை தீர்ந்தது. தூக்காவிட்டால், அந்தக் காலத்தில் ரத்தம் விழும்.

அவர்கள் வந்தது இருள் பிரியும் நேரம். மூலிபோலாவும் விலிசோனியும் ஒரே பாய்க்கு அடியில். பின்னால் அவர்களுடைய உறவினர் தலை குனிந்து நின்றார்கள். கிழவரின் வெள்ளைத் தலை பாய் விளிம்பில் தெரிந்ததைப் பார்த்து எனக்கே மனம் இளகியது. பெசெத்தா அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அப்போதுதான் ரோட்டில் வெளிச்சம் விழுந்தது. ஓட்டல் வேன். விருந்தாளிகள் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கினார்கள்.

வேலியோரம் நின்ற என்னை ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டு மெதுவாகக் கேட்டாள்: “சடங்கு ஆரம்பிச்சாச்சா? இன்னிக்கு நிகழ்ச்சின்னு பலகையில எழுதியிருந்தாங்களே. முடிஞ்சதும் காலைச் சாப்பாடுன்னு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போய் அண்ணியிடம் சொன்னேன்.

அவள் வேனையும் பாயையும் பார்த்தாள். பிறகு, “அத்தான், தொடாதீங்க,” என்றாள்.

பெசெத்தா அண்ணன் நீட்டிய கையோடு நின்றார்.

அண்ணி வேனிடம் போனாள். “வாங்க, வாங்க. விருந்தாளிங்க நிக்கக் கூடாது.” வாசலில் பாய் விரித்து எல்லாரையும் உட்கார வைத்தாள். கோகோ காய்ச்சிக் கொண்டுவந்தாள், உருண்டையாகப் பொரித்த பனிகேகே கொடுத்தாள். அவர்கள் மென்றுகொண்டிருக்கும்போது, பாயின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“பெரியவரே, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. உங்க மருமகன் இத ஓட்டல் பலகையில எழுதிப் போட்டு ஆள் கூட்டிட்டு வந்திருக்கான். உங்க முதுகப் படம் புடிச்சிட்டு இருக்காங்க.”

பாய் அசைந்தது. பிறகு கிழவரின் குரல். “என்னடா சொல்றா இவ?”

“மாமா, அது வந்து… நாம மன்னிப்புக் கேட்டோம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, ஓட்டல் பேரு…”

கிழவர் பாயின் விளிம்பை விலக்கிக்கொண்டு எழுந்தார். வேனைப் பார்த்தார். கோகோ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். பெசெத்தா அண்ணன் முன்னால் தலை குனிந்து, “எங்க வீட்டுப் பெரியவங்க பேரால கேக்கறேன், என்ன மட்டும் மன்னிச்சுடுங்க. எனக்குத் தெரியாது,” என்றார். பிறகு பாயின் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பாய் எங்கம்மா பின்னினது. போட்டத எடுக்கறது மொறை இல்ல, அதனால விட்டுட்டுப் போறேன். உனக்காக இல்லடா.”

உறவினர் எல்லாரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். பாய்க்கு அடியில் விலிசோனி மட்டும் இருந்தான்.

யாரும் தூக்காமல் அவனாக எழுந்து போனால் தீவு முழுக்கச் சிரிக்கும். இருந்தாலோ, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாய் வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியது. பன்றிகள் வந்து விறகை முகர்ந்தன. அண்ணி விருந்தாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பாதையில் சொல்லும் கதையை இந்த முறை நிதானமாக, முழுக்கச் சொன்னாள். அவன் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். ஃபோன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

செய்தி எட்டிப் போதகர் மூச்சு வாங்க ஓடிவந்தார். “ஃபுவாதினோ, கர்த்தர் மன்னிக்கச் சொல்றாரும்மா.”

“அன்னிக்குப் பிரசங்க மேடையில நின்னு பேசினீங்களே, அதுவும் கர்த்தர் சொல்லித்தானா ஐயா? அப்படி ஓரமா உக்காருங்க. உங்க முறை வரும்.”

போதகர் உட்கார்ந்துவிட்டார்.

நிழல்கள் காலடிக்குச் சுருங்கத் தொடங்கிய வேளையில் பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. “அவன் குடிக்கல.”

“கேக்கல,” என்றாள் அண்ணி.

“லோமிதுசி குடிக்கல! நான்தான் போகச் சொன்னேன். வேணாம்னு சொன்னான். நான்தான் அனுப்பினேன்.”

“எங்களுக்கு அது தெரியும். அவங்களுக்குப் புரியற பாஷையில சொல்லு.”

ஆங்கிலத்தில் சொன்னான். நடுவில் குரல் உடைந்தது. ஒரு ஃபோன் மறுபடி உயர்ந்தது. வேனில் சாய்ந்து நின்ற டிரைவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் என் நெஞ்சில் பொங்கியதை மகிழ்ச்சி என்று சொல்லத் தயங்குகிறேன். ஆனால் அது மகிழ்ச்சிதான்.

பெசெத்தா அண்ணன் என்னைப் பார்த்தார். எங்கள் வழக்கத்தில் சகோதரியின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். நான் அண்ணியைப் பார்த்தேன்.

“குடும்பத்துக்கு நீங்க தலைவரு அத்தான்,” என்றாள் அவள். “ரெண்டு ஊரும் நாளைக்கு ஒண்ணா இருக்கணும். தூக்கறதுன்னா தூக்குங்க. என் கை அதுல படாது.”

அவர் பாயைத் தூக்கினார். விலிசோனியின் கண்கள் வீங்கியிருந்தன, முகம் வேகவைத்தது போலச் சிவந்திருந்தது. தள்ளாடி எழுந்து அண்ணியின் கையைப் பிடிக்க வந்தான். அவள் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“தூக்கினது அவரு. அவருகிட்ட போ,” என்று சொல்லிவிட்டுத் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

பிறகு நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். விலிசோனி ஒப்புக்கொண்டதை விருந்தாளிகளில் ஒருவர் எடுத்த படம் எல்லா ஊருக்கும் போனது. போலீஸ் டிரைவரை மறுபடி அழைத்து விசாரித்தது. செய்தித்தாள் உண்மையை உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டது. மழைக்காலத்துக்குள் ஓட்டல் மூடப்பட்டு, விலிசோனி ஆக்லாந்துக்கே போய்விட்டான். பொறாமையால் ஊர்க்காரர்கள் தன்னை அழித்துவிட்டதாக அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். சொல்லட்டும். மூலிபோலாவின் வீட்டிலிருந்து ஒவ்வொரு விசேஷத்துக்கும் எங்களுக்குப் பங்கு வருகிறது, எங்களிடமிருந்தும் போகிறது.

வேலை போனதால் நான் அண்ணியோடு சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் இறங்கினேன். ஒரு நாள் களை பிடுங்கும்போது கேட்டேன்.

“அண்ணி, இப்ப மனசு ஆறிடுச்சா?”

அவள் கையிலிருந்த மண்ணை உதறினாள். நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

“இல்ல தெமு. உங்க பெரிய அண்ணன் பாயத் தூக்கக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு. பொழுது சாயற வரைக்கும் அவன விட்டு வெச்சிருக்கலாம்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.