ஆதிகேசவனின் எடை

ஆதிகேசவனைச் சந்திரம்மா கீழே போட்டுவிட்டாள்.

வேண்டுமென்றா போட்டாள்? பக்கவாதத்தில் வலக் கையும் வலக் காலும் செயலற்றுப்போன கணவரை, அக்குளில் கை கொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் நாற்காலியிலிருந்து தூக்கியபோது அவளுடைய இடுப்பில் சுருக்கென்று ஏதோ பிடித்துக்கொண்டது. கை தானாக விட்டுவிட்டது. அவர் தலை பாத்ரூம் நிலையில் மோதியது. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் அந்த வீடு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தவரைத் தாண்டிப் போக வழியில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் ரத்தத்தை அழுத்திப் பிடித்தபடி, பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

தையல் போட்டுக் கூட்டிவந்த அன்று மாலை, மகன் அருண்குமார் பொம்மனஹள்ளியிலிருந்து வந்தான். கெட்ட பிள்ளை இல்லை. கம்பெனிகளுக்கு ஏ.சி. பழுது பார்க்கும் வேலை, இரண்டு பெண் குழந்தைகள், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வாடகை வீடு. ஓசூர் ரோட்டில் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றான். சந்திரம்மா தீபாவளிவரை டைம் கொடு என்றாள்.

"சரிம்மா. ஆனா இன்னொரு தடவை அப்பா விழுந்தா, நான் யாரையும் கேக்க மாட்டேன். வண்டி எடுத்துட்டு வந்துடுவேன்."

ஆதிகேசவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சந்தின் கடைசியில் ஒரு பழைய கரடிக் கூடம் இருக்கிறது; கன்னடத்தில் கரடி என்றால் மல்யுத்தப் பயிற்சி நடக்கும் இடம். பின்பக்கம் மல்யுத்தக் களம், அதன் தலைமாட்டில் ஆஞ்சநேயர். முன்பக்கத்தில் இப்போது இரும்புத் தண்டுகளும் தட்டுகளும் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பெண்கள் உள்ளே கால் வைப்பதில்லை; சனிக்கிழமை வாசலில் நின்று ஆஞ்சநேயருக்கு எண்ணெய் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சனிக்கிழமை சந்திரம்மா எண்ணெயைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். கூடத்தை நடத்தும் மஞ்சுநாத் வெளியே வந்தபோது, காலையும் மாலையும் அவரைத் தூக்கி உட்காரவைக்க உங்கள் பிள்ளைகளில் ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

மஞ்சுநாத் அனுப்பினார். சிலசமயம் தானே வந்தார். ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்களும் வேலை வெட்டி உள்ளவர்கள்தானே. ஒருநாள் யாரும் வரவில்லை. பாத்ரூம் போக ஆள் இல்லாமல் ஆதிகேசவன் படுக்கையிலேயே போய்விட்டு, பாயின் ஓரத்தை இடக் கையால் இழுத்து மூடப் பார்த்தார். மறுநாள் மஞ்சுநாத்துக்கு அது தெரிந்தது.

"அக்கா, நீங்களே தூக்கலாம். கத்துக்கணும், அஷ்டே," என்றார். அவ்வளவுதான் என்பதை அப்படிச் சொல்வார். அவருடைய தமிழ் அப்படித்தான், நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சந்திரம்மா சிரித்துவிட்டாள். வயது ஐம்பத்தொன்பது. கர்ப்பப்பை எடுத்தபோது தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எப்போது எடுத்தது என்று மஞ்சுநாத் கேட்டார். அருண்குமார் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என்றாள். அன்று சொன்னதை அவள் இன்றுவரை மாற்றாமல் வைத்திருந்தாள். ஆனால் குடம் மட்டும் தினமும் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள், கோணல்மாணலாக, பயந்து பயந்து. கிளினிக் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார் மஞ்சுநாத். டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, பழைய காயம் எப்போதோ ஆறிவிட்டது, பளு இல்லாமல் ஆரம்பித்து நிதானமாகக் கூட்டுங்கள், உங்கள் எலும்புக்கும் அது நல்லதுதான் என்றாள்.

பெண்களை உள்ளே விடக் கூடாது என்பது மஞ்சுநாத்தின் அப்பா வைத்த கட்டுப்பாடு. அவர் இப்போது இல்லை. ஆனாலும் அதை மீற மகனுக்கு மனம் வரவில்லை. அதனால் தண்டையும் தட்டுகளையும் வெளியே வாசல் நடையில் கொண்டுவந்து வைத்தார். தினமும் விடிந்ததும் அவரே சுமந்துவருவார், முடிந்ததும் அவரே உள்ளே கொண்டுபோவார். கடவுள் பெரிய பெரிய அற்புதங்களைச் செய்கிறவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல நேரம் அவர் யாரோ ஒரு மனிதரிடம், அந்தப் பொருளைக் கொஞ்சம் நகர்த்தி வை என்று மட்டும்தான் சொல்கிறார்.

முதலில் வெறும் துடைப்பக் கட்டை. பிறகு வெறும் தண்டு. சந்திரம்மா அதைக் கடப்பாரை என்றே சொல்வாள். பிறகு இரண்டு பக்கமும் சின்னத் தட்டுகள். பாதத்தை ஊன்று, முதுகை வளைக்காதே, பளுவை உடம்போடு ஒட்டிவை, இடுப்பால் எழு. எல்லாவற்றுக்கும் முன்னால் மூச்சு. யாரோ வயிற்றில் குத்தவருவதுபோல் நினைத்து, மூச்சை நிறைய இழுத்து அடக்கி, வயிற்றை இறுக்கு. எழும்போது தொண்டையிலிருந்து 'ஹுக்' என்று ஒரு முனகல் வரும். வந்தால் வரட்டும், வெட்கப்படாதே என்றார் மஞ்சுநாத்.

குழாயடியில் கேலி ஓடியது. "சந்திரம்மாவைத் தொடாதீங்கடி, தூக்கி லாரியில வெச்சிருவா" என்றாள் ஒருத்தி. கடப்பாரை தூக்கினால் மீசை முளைக்குமாமே என்று கேட்டாள் இன்னொருத்தி. "முளைச்சா உன் வீட்டுக்காரருக்குப் பாதி தரேன், அவருக்கு ஒழுங்கா முளைக்கலையே" என்றாள் சந்திரம்மா. நெடுநாள் கழித்து அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது.

உடம்பு மாறியது. மல்லேஸ்வரத்து ஆபீஸில் அவளுக்குக் கூட்டித் துடைக்கும் வேலை. அங்கே மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதை மறந்தாள். தரையில் உட்கார்ந்தவள் கை ஊன்றாமல் எழுந்தாள். கேஸ் சிலிண்டரை உருட்ட ஆளைக் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும்விட, அவரைத் தூக்கினாள். முழங்காலை அவர் முழங்காலோடு அணைத்து, அவரை மார்போடு ஒட்டி, மூச்சை அடக்கி, ஹுக். அவர் எழுந்து நிற்பார். திருப்பி நாற்காலியில் வைப்பாள். ஒருநாளும் விழவில்லை.

புரட்டாசி முடியும்போது அவர் முன்னைவிட லேசாகத் தெரிந்தார். ஐப்பசியில் இன்னும் லேசு. சந்திரம்மாவுக்கு அதில் ஒரு கர்வம் வந்துவிட்டது. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது கண்ணில் படாமல் இல்லை. ராத்திரி இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, போதும், பகலில் நிறையச் சாப்பிட்டேன் என்பார். வேலைக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போகிற தட்டு காலியாகத்தான் இருந்தது. நோயாளி உடம்பு, இளைக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள். சந்தோஷம் வந்தால் மனிதருக்குக் கண் கொஞ்சம் மங்கித்தான் போகிறது.

ஒருநாள் காலை, கூடத்து வாசல் நடையில் மஞ்சுநாத் இன்னொரு சின்னத் தட்டை மாட்டப்போனார். காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவள் பழைய எடையிலேயே நின்றிருந்தாள். வேண்டாம், இதுவே போதும், அவரு இப்ப பஞ்சு மாதிரி வராரு என்றாள் சந்திரம்மா.

மஞ்சுநாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, இந்த இரும்பு போன மாசம் என்ன கனமோ, இன்னிக்கும் அதே கனம்தான். அதைத் தூக்க இன்னிக்கும் நீங்க அதே அளவு கஷ்டப்படுறீங்க. உங்க பலம் ஏறலை. அப்ப அவரு எப்படி லேசானாரு?"

அவள் தண்டை அப்படியே விட்டுவிட்டு, ஆபீஸுக்குப் போகாமல் வீட்டுக்கு நடந்தாள்.

ஜன்னலுக்குக் கீழே சந்து நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. ஜன்னல் கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கை நீண்டது. நடுங்கும் இடக் கை. அதில் இட்லி. நாய் எழுந்துகூட நிற்கவில்லை; பழகிப்போன மரியாதையோடு வாயைத் திறந்தது.

உள்ளே போனாள். அவர் தட்டை மறைக்கப் பார்த்தார். அவள் ஒன்றும் கேட்காமல் அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். தினமும் துடைத்துவிட்ட உடம்புதான். இப்போதுதான் பார்த்தாள். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்து கிடந்தது.

"இன்னாத்துக்குங்க?"

வார்த்தைகள் அவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் வரும். அவள் காத்திருந்தாள்.

"நீ தூக்கும்போது முனகுறே. வலிக்குது உனக்கு. கனம் கொறைஞ்சா நீ தூக்கிடுவே. கீழ போட மாட்டே. அவன் என்னைக் கொண்டுபோக மாட்டான்."

சந்திரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பலம் என்று நினைத்துக் கர்வப்பட்டதில் பாதி, அவருடைய பட்டினி. அவள் மூச்சை அடக்கி எழுந்த ஒவ்வொரு முறையும், அந்த முனகல் அவர் காதுக்குப் பக்கத்தில் அழுகையாகக் கேட்டிருக்கிறது. அந்தச் சத்தம் வலி இல்லை, பயிற்சி என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது சொன்னாள். அவர் நம்பவில்லை. இவள் எந்த வலியையாவது எப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கிறாளா?

மறுநாள் மஞ்சுநாத்தும் இன்னொருவரும் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஆதிகேசவனைத் தூக்கிவந்து நடையில் வைத்தார்கள். அவருடைய பழைய எடை முழுவதையும் தண்டில் மாட்டச் சொன்னாள் சந்திரம்மா. மஞ்சுநாத் மறுத்துவிட்டார். காட்டுவதற்காகத் தூக்குகிறவர்கள்தான் முதுகை ஒடித்துக்கொள்வார்கள், தினமும் தூக்குவதையே தூக்குங்கள் என்றார். அவள் பாதத்தை ஊன்றினாள். மூச்சை இழுத்து அடக்கினாள். ஹுக். தண்டு எழுந்தது. இறக்கிவைத்தாள். மறுபடி ஹுக். மறுபடி. பிறகு இடுப்பைப் பிடிக்காமல் நிமிர்ந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் எதிரே வந்து குனிந்தாள்.

"இப்ப பாருங்க என் மூஞ்சியை. வலிக்கற மூஞ்சியா இது?"

அவர் வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருஷமாகப் பார்த்த முகம். அவர் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று அந்த வாயில் இப்போது தெரிவதில்லை. அன்று பகல் இரண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாவதைக் கேட்டு வாங்கினார்.

ஆனால் அத்தனை நாள் பட்டினி சும்மா விடுமா? தேய்ந்த உடம்பில் சளி இறங்கி, தீபாவளியை அவர்கள் பெரியாஸ்பத்திரியில் கழித்தார்கள். காப்பகத்துக்குப் பணம் கட்டிவிடலாம் என்று முடிவோடு வந்த அருண்குமாரிடம் அம்மா நடந்ததைச் சொன்னாள். அவன் வெளியே போய் வராந்தாவில் நின்றான். திரும்பி வந்து, அவள் கையிலிருந்த கஞ்சி டம்ளரை வாங்கி, தானே அப்பாவின் வாயில் வைத்தான். காப்பகத்தைப் பற்றி அதன்பிறகு அவன் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டினான். எப்படிப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று அம்மாவிடம் கற்றுக்கொண்டான்.

மார்கழியில் அவர் தேறினார். ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் கேட்டார். சந்திரம்மா ஒவ்வொரு வாரமும் அவரைக் கொஞ்சம் கூடுதல் கனமாகத் தூக்கினாள். மஞ்சுநாத் அவளுடைய தண்டில் தட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனார். கோயிலில் இன்ன வரம் வேண்டும் என்று கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் கனம், சாமி, என்று மட்டும் சொன்னாள்.

தை முடிவதற்குள் இரண்டாவது பக்கவாதம் வந்தது. காலைச் சாப்பாடு முடித்து, நாற்காலியில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். இந்தத் தடவை தலை எதிலும் மோதவில்லை. அவள் பக்கத்தில் இருந்தாள், பிடித்துக்கொண்டாள். ஆனால் பிடித்தபோதே உயிர் இல்லை.

பாடை சந்தில் தயாரானது. அறைக்குள் நாலு பேர் நின்று உடம்பைத் தூக்க இடம் போதவில்லை. கால்மாட்டில் அருண்குமார், தலைமாட்டில் மஞ்சுநாத். பெண்கள் சுவரோரமாக ஒதுங்கி அழுதுகொண்டிருந்தார்கள். பொம்பளை தூக்குகிற வழக்கம் அங்கே இல்லை. மஞ்சுநாத் குனிந்தவர், நிமிர்ந்து சந்திரம்மாவைப் பார்த்தார். பிறகு ஓரடி நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"அக்கா, நீங்க வாங்க, பர்ரி."

பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அருண்குமார் அவரைப் பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டார்.

சந்திரம்மா பாதத்தை ஊன்றி, அவருடைய தோள்களுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, மார்போடு ஒட்டி அணைத்து எழுந்தாள். வாசலைத் தாண்டிப் பாடைவரை கொண்டுபோய், மெதுவாகப் படுக்கவைத்தாள்.

எதிர்முனையில் அருண்குமாருக்கு மூச்சு வாங்கியது. "அப்பா நல்ல கனம்மா," என்றான்.

"ஆமாம்பா," என்றாள் அவள். "சாப்பிட்டாரு."