குண்டூசி குத்தும் இடம்

டாக்டரின் அறைக்குள் போனதும் முதல் கேள்வியைக் கேட்டது நோயாளி இல்லை, நோயாளியின் நாத்தனார்.

"டாக்டர், இதை வச்சுக்கிட்டு விமானத்துல போனா வெடிச்சிடுமா?"

"வெடிக்காது. எங்க போகப் போறீங்க?"

"எங்கயும் இல்ல. நான் பஸ் ஓட்டறவ, எங்க அண்ணி தையல்காரி. ஆனாலும் கேட்டு வச்சுக்கணும் இல்லையா?"

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனாருக்கு வீட்டில் 'ஹாரன்' என்று பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை.

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்த பிறகு, பஞ்சும் கனத்துக்குக் கடுகும் திணித்துத் தானே ஒரு திண்டு தைத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. மேசைமேல் குனிந்து துணி வெட்டினால் அது மெல்ல மேலே ஏறும். போன மாதம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுக்கும்போது கழுத்தடிக்கே வந்துவிட்டது. "ஐயோ ஆன்ட்டி, கழுத்துல என்ன கட்டி?" என்று அந்தப் பெண் பதறினாள். அன்றைக்கே தையல்காரி முடிவு செய்துவிட்டாள், ஆபரேஷன் செய்து செயற்கை மார்பை உள்ளேயே வைத்துக்கொள்வது என்று. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்ட ஓரகத்தியிடம், "நீ உன் பல்செட்டைக் கழட்டி வை, நானும் விட்டுடறேன்" என்று சொல்லி வாயை அடைத்தாள்.

"ஆயுசுக்கும் இருக்குமா டாக்டர்?" ஹாரன் விடவில்லை.

"சொல்ல முடியாது. கசிஞ்சாலோ இறுகிப் போனாலோ மாத்த வேண்டி வரலாம். அப்பப்ப ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும்."

"டயர் மாதிரி."

"அப்படியே வச்சுக்கங்க. அளவு எப்படி வேணும்மா?"

இதற்குத் தையல்காரியே பதில் சொன்னாள். "ஒரு சுத்து பெருசாவே வைங்க டாக்டர். அதிகமா இருந்தா அப்புறம் பிடிச்சுக்கலாம்."

"அம்மா, இது சட்டை இல்ல!" டாக்டர் சிரித்துக்கொண்டே பரிசோதிக்கக் கை வைத்தவர், "ஆ!" என்று விரலை உதறினார்.

தையல்காரியின் இடப்பக்க நெஞ்சில், சட்டைத் துணியில் வரிசையாகக் குண்டூசிகள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் குத்துவாள். திண்டு வந்த பிறகு இன்னும் வசதி. "ஆழமா குத்தினாலும் வலிக்காது!" என்று பெருமை வேறு.

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "புதுசு வச்ச பிறகும் அங்க உணர்ச்சி அவ்வளவா இருக்காதும்மா. ஊசி உள்ள போனாக்கூடத் தெரியாது. சீழ் பிடிச்சா எடுத்துத்தான் ஆகணும். அடுத்த தடவை வரும்போது அங்க ஒரு ஊசி இருந்தாலும் ஆபரேஷன் கிடையாது."

கடைக்குத் திரும்பிய தையல்காரி ஊசிகளை டப்பாவில் போட்டு மூடினாள். மூடி என்ன பயன்? கை தானாகத் திறந்தது, தானாக நெஞ்சுக்குப் போனது. வண்டியை விட்டு இறங்கியதும் ஹாரன் நேரே கடைக்கு வந்து காவல் நின்றாள்.

"அண்ணி, கை!"

"எங்கடி?"

"நெஞ்சுல மூணு நிக்குது, எங்கடியாம்! தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க?"

தையல்காரிக்கு அழுகை முட்டியது. இந்தக் கையால் சம்பாதித்ததை எல்லாம் இந்தக் கையே கெடுத்துவிடும் போலிருக்கிறதே! அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, திரைக்குப் பின்னால் போய்த் திண்டை எடுத்து வந்தாள். கத்திரியால் அதன் தையலைப் பிரித்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க? நாளைக்கு எதை வச்சுக்கிட்டுக் கடையில நிப்பீங்க?"

"ஒண்ணும் வைக்காம நிப்பேன்."

அந்தப் பஞ்சிலும் கடுகிலும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன ஊசித் திண்டு தைத்தாள். மறுநாள் இடப்பக்கம் சட்டை தொளதொளவென்று தொங்க, யார் முகத்தையும் பார்க்காமல் வெட்டத் தொடங்கினாள். கை பழையபடி நெஞ்சுக்குப் போனது. ஆனால் அங்கே பிடிமானம் இல்லை. குண்டூசி தரையில் விழுந்தது. குனிந்து பொறுக்கினாள். மறுபடி விழுந்தது, மறுபடி பொறுக்கினாள். இடுப்பு வலி வந்த பிறகுதான் கைக்குப் புத்தி வந்தது.

கல்யாணப் பெண் கவுனைப் போட்டுப் பார்க்க வந்தாள். தையல்காரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அந்தக் கட்டி கரைஞ்சிடுச்சா?"

"கரைஞ்சு கைக்கு வந்துடுச்சு" என்று மணிக்கட்டை நீட்டினாள் தையல்காரி. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தையல்காரிக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டர் எட்ட நின்றே பார்த்தார். பிறகு துணிந்து கை வைத்தார். ஓர் ஊசிகூட இல்லை.

"சரி, தேதி குறிச்சிடலாம். அளவு?"

"வலப்பக்கத்துக்குச் சரியா இருந்தா போதும் டாக்டர். பிடிக்கற வேலையே வேண்டாம்."

"வேற ஏதாவது கேக்கணுமா?"

தையல்காரி வாயைத் திறப்பதற்குள் ஹாரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டாக்டர், இதை வச்சுக்கிட்டு பஸ்ல தூக்கிப் போடற கடைசி சீட்டுல உக்காரலாமா?"