முன்கூட்டியே சொன்ன ஜெபம்

"சமோவாவின் வரலாற்றில் எதிரிக்குப் பின்வாங்காத ஒரே நெஞ்சு, இதோ உறங்குகிறது" என்று சாவுக் கூடத்தில் ஊர்ப் பேச்சாளர் துய்சாலா தடியை ஊன்றி முழங்கினார்.

அந்த நெஞ்சின் மேல் உட்கார்ந்த ஈயைச் சூலியா விசிறியால் ஓட்டினாள். அவள் கணவன் பெசமினோ, பக்கத்து வீட்டுச் சேவலுக்குப் பயந்து சுற்றுவழியில் கடைக்குப் போனவன்.

"விலா ஒடிந்த பிறகும் டோங்கா மல்லனைச் சந்திக்கக் களமேறிய சிங்கம்!"

விலா ஒடிந்தது உண்மை. பல வருஷத்துக்கு முந்தி, கல்யாணமான புதிது. குத்துச்சண்டைக்கு நாலு நாள் இருக்கும்போது, கொப்பரை மூட்டை ஏற்றுகையில் லாரியிலிருந்து விழுந்தான். அவள் தேங்காயெண்ணெய் தடவினால் சிரித்தான். சிரித்தால் வலித்தது. வலித்ததற்கு மறுபடியும் சிரித்தான்.

"போகாத. அந்தத் தடியன் அங்கயே ஒண்ணு போட்டா நீ எந்திரிக்க மாட்ட. கல்யாணப் பாயே இன்னும் வாசம் போகல. அதுலயே உன்னைச் சுத்திப் புதைக்கணுமா?"

அவனுக்கும் போக விருப்பமில்லை. சண்டைக்கு வரவில்லை என்று பாஸ்டரிடம் சொல்லப் போனவன் தொங்கிய முகத்தோடு திரும்பினான்.

"என்ன சொன்னாரு?"

"நான் ஜெயிச்சதுக்கு நன்றி சொல்லி ஞாயித்துக்கிழமையே ஜெபம் பண்ணிட்டாராம். ஊரே ஆமென் சொல்லிருச்சு. இப்ப ஆண்டவர்கிட்ட எப்படி வாபஸ் வாங்குறதுன்னு கேக்குறாரு."

"அடி வாங்கப்போறது ஆண்டவரா, நீயா?"

சண்டையன்று காலையில் அவள் தன் கல்யாண உள்பாவாடையைக் கிழித்து அவன் விலாவைச் சுற்றிக் கட்டினாள். அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன்போல நின்றான். முடிச்சுப் போட்ட பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவனும் கேட்கவில்லை.

"ஏம்மா சூலியா," துய்சாலா குனிந்து, குரலை இறக்கினார். "எத்தனை ரவுண்டு நின்னான்? பக்கத்து ஊர்க்காரங்க கிண்டலாக் கேக்குறாங்க. கூடப் போனவங்கள்ல மிச்சம் நீதான். உன் வாயால சொல்லிட்டா ஒருத்தனும் மறுக்க மாட்டான்."

கூடம் முழுவதும் அவளைப் பார்த்தது. அவள் பெசமினோவைப் பார்த்தாள். எப்போதும்போல, சிக்கலை அவள் தலையில் போட்டுவிட்டுப் படுத்திருந்தான்.

"எட்டு" என்றாள்.

துய்சாலா நிமிர்ந்து அதைப் பன்னிரண்டாக முழங்கினார்.

டோங்காக்காரன் அன்று கப்பலைத் தவறவிட்டிருந்தான். எதிராளி வராததே வெற்றி என்று கூடப் போனவர்கள் தோளில் தூக்கியபோதுதான் பெசமினோ மயங்கி விழுந்தான்.