ரோஸ் கலர் சண்டை விமானம்

என் சவுரியில் கை வைத்தவரை நான் சும்மா விடமாட்டேன், அது தாலி கட்டின புருஷனாக இருந்தாலும் சரி. மேனாம்பேட்டில் சித்தி மகள் கல்யாணம். புடவை கட்டி, பூவெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பின்னலோடு சேர்த்து நீளமாக்கச் சவுரி முடியை எடுத்தால் நுனியில் ஒரு கொத்தைக் காணோம். எலி வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். எலி இவ்வளவு நேராக வெட்டுமா? பின்பக்கம் போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் கோவிந்தராஜ் துடைப்பக்குச்சியில் என் சவுரி முடியை நூலால் கட்டி, அதைப் பெயின்டில் தொட்டு, ஒரு சாண் நீள பிளாஸ்டிக் விமானத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாய்யா இது?"

"பிரஷ்ஷு லோகு. கடையில விக்கிறது தடியா கீது. இது பாரு, எவ்ளோ நைசா இழுக்குது!"

மனுஷனுக்குப் பெருமை வேறு. அன்றைக்கு நிறுத்தினதுதான் அவரோடு பேச்சை. அரைச் சவுரியோடு கல்யாணத்துக்குப் போய், எலிவால் பின்னலை ஊரே பார்த்துச் சிரித்தது எனக்குத்தானே தெரியும்!

அந்த விமானம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்குச் சனிதான். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் அண்ணன், லீவில் வரும்போது எனக்கு ஒரு சேலை வாங்கி வந்திருக்கலாம். மச்சானுக்கென்று மிக் என்கிற சண்டை விமானத்தின் பொம்மையை வாங்கி வந்தான், அதையும் துண்டு துண்டாக, அட்டைப் பெட்டியில். இவர் ஆவடி ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கை கால் கழுவாமல் ஒட்ட உட்கார்ந்துவிடுவார். வெங்காயக் கூடையில் சக்கரம் கிடக்கும். முறத்தில் இறக்கை காயும். ஒருநாள் சோற்றில் கல் என்று நினைத்துக் கடித்தேன், எடுத்துப் பார்த்தால் ஏவுகணை. "அய்யோ, உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டார் பாருங்கள், என் பல்லைக் கேட்கவில்லை.

இதில் ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இவருக்குக் கலர் தெரியாது. சின்ன வயதில் ஏர்ஃபோர்ஸில் சேரப் போனபோது, புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டி நம்பர் படிக்கச் சொன்னார்களாம். இவர் கண்ணுக்கு நம்பரே தெரியவில்லை. பச்சையும் சிவப்பும் ஒன்று, ரோஸும் சாம்பலும் ஒன்று. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தை வெளியில் சொல்ல முடியாமல், "செலக்ட் ஆய்ட்டேன், எங்கம்மா ரயில் முன்னால வுயுந்துடுவேன்னு அழுதுச்சு, அதான் போகல" என்று ஃபாக்டரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். என் மாமியார் சாகும்வரைக்கும், "நான் எப்படா அழுதேன்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

கட்டிக்கொண்ட எனக்கு மட்டும் நிஜம் தெரியும். ஹார்டுவேர் கடையில் சில்லறையாகக் கலந்து தரும் பெயின்டைப் பழைய பவுடர் டப்பாக்களில் வாங்கி வருவார். பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இது பச்சை, இது பழுப்பு என்று எடுத்துக் கொடுப்பேன். ஆகாசத்தில் பறக்கிற எல்லா விமானத்துக்கும் கலர் சொன்ன மாதிரி எனக்கும் ஒரு மிதப்பு வந்துவிட்டிருந்தது, பொய் சொல்வானேன்.

சவுரி விஷயத்தில் பேச்சு நின்றபோது விமானத்தின் அடிவயிறு மட்டும் பாக்கி. அதற்குச் சாம்பல் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்தில் கைவேலைப் போட்டி. முத்தாபுதுப்பேட்டை ஏர்ஃபோர்ஸ் கேம்ப்பிலிருந்து ஓர் ஆபீசர் வந்து பரிசு கொடுக்கப்போகிறார் என்று இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் வீம்பு! என்னிடம் கேட்காமல் தானே டப்பாவைத் திறந்து அடித்து முடித்துவிட்டார்.

ஞாயிறு காலை பார்த்தேன். பகீரென்றது. டிரங்குப் பெட்டிக்கு அடித்து மிஞ்சியிருந்த ரோஸ்! மேலே பச்சையும் பழுப்புமாகச் சண்டைக்குப் போகிற விமானம், கீழே மூக்கிலிருந்து வால்வரை ரோஸ்.

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் பேசுவது கிடையாது. நான் பால் சொம்பிடம் பேசுவேன், அவர் ரேடியோவிடம் பேசுவார். அந்த முறைப்படியே சொம்பைப் பார்த்துச் சொன்னேன்: "சில பேரு பிளேனு கல்யாணப் பொண்ணு மாரி மினுக்கிக்கினு கீது. வெளிய எட்த்துகினு போனா சிரிப்பாங்க."

அவர் ரேடியோ பக்கம் திரும்பினார். "சில பேருக்கு வயித்தெரிச்சல். பிளேனு நல்லா வந்துடுச்சேன்னு."

"கலரப் பாக்கச் சொல்லு சொம்பே!"

"அவங்க மூஞ்சிய கண்ணாடில பாக்கச் சொல்லு ரேடியோவே!"

விமானத்தை அட்டைப் பெட்டியில் வைத்து, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நாசமாய்ப் போகட்டும் என்று அரிசி களைய உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மன்றத்துக்கு ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது மேஜையைச் சுற்றிக் கூட்டம். ஆபீசர் விமானத்தைக் கையில் தூக்கி, கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

"வேலை ரொம்ப சுத்தம். ஆனா அடியில ரோஸ் அடிச்ச மிக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லையே. யார் சொன்னாங்க இந்தக் கலரை?"

இவருடைய செக்‌ஷனிலேயே வேலை செய்கிற ஜெயராமன், மரத்தில் ஒரு விமானம் செதுக்கிக் கொண்டுவந்திருந்தான். அவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. "இன்னா கோவிந்து, ஏர்ஃபோர்ஸ்ல செலக்ட் ஆனேன்னு சொல்வியே. சார் கைல சொல்லு. கண்ணு டெஸ்ட்டுலாம் பாஸ் பண்ணியா?"

இவர் விமானத்தைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, கூட்டத்தில் நான் நிற்பதைப் பார்த்தார். காலையில் நான் சொன்னது வயிற்றெரிச்சல் இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. சவுரியாவது மண்ணாவது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"வேண்டுதல் சார்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"போன வருசம் இவருக்கு மஞ்சக்காமாலை. பொழச்சி எழுந்தா ரோஸ் கலர்ல விமானம் செஞ்சி வெக்கறேன்னு பொன்னியம்மனுக்கு நேர்ந்துகினேன். நான்தான் அடிக்கச் சொன்னேன்."

இந்த மனுஷனுக்கு ஜலதோஷத்தைத் தவிர எந்த நோயும் வந்ததில்லை. ஆனால் பக்கத்து வீட்டு எல்லம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆமா சார், நான்கூடப் பாத்தேன். கண்ணெல்லாம் மஞ்சளா கெடந்துச்சி பாவம்!"

ஜெயராமன் விடவில்லை. "மஞ்சக்காமாலைன்னா மஞ்ச கலருதானே வேண்டிக்கணும்?"

"மஞ்சளுல வெச்சா போன நோவு திரும்ப வராது?" என்று எல்லம்மா அவன் மேல் பாய்ந்தாள். "அம்மன் விசயத்துல வெளையாடாத!"

ஆபீசர் தொப்பியைக் கழற்றிவிட்டார். விமானத்தை இரண்டு கையாலும் மெதுவாக மேஜையில் வைத்து, "சாமி காரியம்மா. இதுக்கெல்லாம் நான் மார்க் போடக் கூடாது" என்றார். முதல் பரிசு ஜெயராமனுக்குப் போயிற்று. இருக்கட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட்டேன்.

எல்லம்மா விடுவாளா? "நேர்ந்துகினத ஊட்டுல வெச்சிக்கக் கூடாதுடி. இன்னிக்கே கோயில்ல சேத்துடு."

அதை நான் யோசிக்கவில்லை. எத்தனை மாத உழைப்பு! இவர் சைக்கிளை எடுத்தார். நான் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தேன். பொன்னியம்மன் கோயில் தெரு திரும்பும்வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அங்கே ரேடியோவும் இல்லை, சொம்பும் இல்லை.

"லோகு" என்றார் கடைசியில். "நம்ம கல்யாணத்துல நீ கட்டிகினு இருந்த பொடவ இன்னா கலரு?"

"ஏன், உன் கண்ணுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

"சாம்பலு. கஸ்டப்பட்ட ஊடு, கெடச்சத எடுத்துக்கீறாங்க, கேட்டா உனக்கு மனசு நோவும்னு இத்தினி வருசமா கேக்கல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாம்பல் புடவையில் எவளாவது மணையில் உட்காருவாளா? அப்படி உட்கார்ந்தவள் என்று நினைத்தும் தாலி கட்டியிருக்கிறார் இந்த மனுஷன்.

"ரோஸ்யா" என்றேன். "இதே ரோஸு."

சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு திரும்பினார். என் மடியிலிருந்த விமானத்தை எடுத்துக் கவிழ்த்து, அதன் அடிவயிற்றை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ ரொம்ப அழகா இருந்திருப்ப, லோகு" என்றார்.