நான்கு மாடி இறங்கிய அம்மா

எதிர்வீட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பையன்கள் இருவரும் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரர்கள்; டை கட்டாமல் குப்பை கொட்டக்கூடப் போகமாட்டார்கள். சபையில் சேரச் சொல்லி வந்த அவர்கள் முகத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஏழு தடவை கதவைச் சாத்தியிருக்கிறார், எண்ணியவள் நான்தான்.

திங்களன்று லிஃப்ட் நின்றுவிட்டது. படி இறங்க முடியாத தையல்காரருக்கு அரைமணியில் டயாலிசிஸ். பையன்களில் சின்னவனுக்கோ, வாரம் ஒருமுறை அம்மாவை வீடியோவில் பார்க்கும் நேரம். போனை என்னிடம் நீட்டி, "அக்கா, அம்மாவைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றான்.

இருவரும் தையல்காரரை நாற்காலியோடு தூக்கி நான்கு மாடி இறக்கினார்கள். சட்டை கசங்கியது, சிரிப்பு கசங்கவில்லை. அம்மாவோடு நானும் பின்னாலேயே இறங்கினேன்.

டாக்ஸியில் ஏறியதும் தையல்காரர் போனைப் பார்த்து, "நாளைக்கு உங்க பையனை வரச் சொல்லுங்கம்மா. கேக்கத்தான், சேர மாட்டேன்" என்றார்.

அந்த அம்மாளுக்கு நம் மொழி தெரியாது. நான் சும்மா இருப்பேனா, கையை ஆட்டி விளக்கிவிட்டேன்.