பொத்திய கைகள்

தாராவி வீட்டு மாடியில் சங்கரேஸ்வரி செய்த களிமண் உருவம் முதுகு வளைந்து குந்தியிருந்தது. உடம்புக்குப் பொருந்தாத ராட்சசக் கைகள் காதுகளைப் பொத்தியிருந்தன. முகம் வைக்க மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

அம்மாவின் முப்பதாம் நாளுக்குப் பாண்டுப்பிலிருந்து வந்த அக்கா கனகவள்ளி அதைப் பார்த்ததும் உடைந்துபோனாள்.

"அம்மைதானட்டி இது? வலி பொறுக்கமாட்டாம இப்படித்தானே சுருண்டு கெடந்திருப்பா!"

அம்மாவின் படத்துக்கென்று வாங்கி வந்த பூச்சரத்தை உருவத்தின் கழுத்தில் போட்டாள். நெற்றியில் திருநீறு பூசிக் கும்பிட்டாள்.

சங்கரேஸ்வரி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அம்மை இல்லக்கா. கீழ அவ கத்துறப்பல்லாம், இங்க வந்து நான் இப்படித்தான் உக்காந்திருந்தேன்."

அக்கா பூவைக் கழற்றிக்கொண்டாள். ஈர மண்ணில் பூசிய திருநீறு மட்டும் சங்கரேஸ்வரி துடைக்கத் துடைக்க அப்பிக்கொண்டது.